பத்தரை மணி வரை

சிங்கப்பூரில் எங்கள் வீட்டில் அரசியல் பேச ஆரம்பித்தால், எங்கே சுற்றினாலும் அரை மணி நேரத்தில் உறுமி மேளத்தில் வந்து நிற்கும். பேச்சு பேருந்துக் கட்டணத்தில் தொடங்கியிருக்கும், வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டு விலையில் தொடங்கியிருக்கும். ஒருமுறை கீழே கோப்பிக் கடையில் தே தாரேக் என்ற பால் தேநீரின் விலை பத்துக் காசு ஏறியதில் தொடங்கியது. தாத்தா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார். கடைசியில், "அதெல்லாம் சரி, எழுபத்து மூணுல மேளத்தை நிப்பாட்டினாங்கல்ல?" என்பார். அவ்வளவுதான். அப்பா தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டுவார், அம்மா தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போவார். பாட்டி மட்டும் ஒன்றும் பேசாமல் வெற்றிலை மடிப்பார். பாட்டி பேசாமல் இருந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அது எனக்கு இந்த 2025 மே மாதம்தான் தெரிய வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

எனக்கு 17 வயது. இந்த ஏப்ரலில்தான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் சேர்ந்தேன். அரசியல் தெரிந்தவள் என்று என்னைச் சொல்லிக்கொள்ள மாட்டேன், சொன்னாலும் பயனில்லை, இந்த ஊரில் ஓட்டுப் போட 21 வயதாக வேண்டும். பெரிய அத்தை மகனுக்கு 19. தேசியச் சேவையில், அதாவது கட்டாய ராணுவப் பயிற்சியில் இருக்கிறான். துப்பாக்கியைக் கண்ணை மூடிக்கொண்டே பிரித்து மாட்டுவேன் என்று பீற்றிக்கொள்வான், ஆனால் வாக்குச் சீட்டை அவன் கையில் கொடுக்க இன்னும் இரண்டு வருஷம் ஆகும். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஜோகூர் பாருவில் இருக்கும் சின்ன அத்தை மகள் 2022 நவம்பரில் 18 வயதிலேயே போட்டுவிட்டாள். மலேசியாவில் வயதைக் குறைத்துவிட்டார்கள். மை வைத்த விரலைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். 2025-ல் நாட்டுக்கு 60 வயது என்று இங்கே சாமான் வாங்கப் பற்றுச்சீட்டு கொடுத்தார்கள். 21 வயதுக்கு மேல் 600 வெள்ளி (டாலர்), 60 வயதுக்கு மேல் 800 வெள்ளி. தாத்தாவுக்கும் பாட்டிக்கும் சேர்த்து 1,600. எனக்கு ஓட்டும் இல்லை, பற்றுச்சீட்டும் இல்லை.

சரி, மேளத்துக்கு வருவோம்.

தாத்தா 1949-ல் பிறந்தவர். செம்பவாங் கடற்படைத் தளத்துக் குடியிருப்பில் வளர்ந்தவர். பிரிட்டிஷ்காரர்கள் மூட்டை கட்டப்போகிறார்கள் என்று ஆனதும், 1968-ல் அந்தக் கப்பல் பட்டறை செம்பவாங் ஷிப்யார்டாக மாறியது. தாத்தா அங்கே வெல்டர் ஆனார். அதே 1968-ல்தான் பொது விடுமுறை நாள்களைக் குறைத்தார்கள். தைப்பூசம் போனது. தைப்பூசம் மட்டும் இல்லை, பாக்சிங் டே, நபிகள் பிறந்தநாள் எல்லாம் சேர்ந்துதான் போயின, இன்றைக்கும் வருஷத்துக்கு 11 நாள்தான். தாத்தாவின் கணக்கில் அது முதல் அடி. ஜோகூரில் தைப்பூசம் இன்னும் விடுமுறை. தமிழ்நாட்டில்கூட 2021-லிருந்து விடுமுறையாம். "நமக்குக் கொடுத்துட்டுப் பிடுங்கினாங்க, அவங்களுக்கு இப்பத்தான் கொடுக்கவே ஆரம்பிச்சிருக்காங்க" என்று தாத்தா சிரிப்பார். இதில் அவருக்கு வருத்தமா வேடிக்கையா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

இரண்டாவது அடி அவர் முடி மேல் விழுந்தது. எழுபதுகளில் நீளமாக முடி வைத்த ஆண்களைக் கடைசியாகத்தான் கவனிப்போம் என்று அரசாங்க அலுவலகங்களில் சுவரொட்டியே ஒட்டியிருந்தார்கள். எது நீளம் என்பதற்கு அதில் படமும் உண்டு. நெற்றியில் இறங்கிப் புருவத்தைத் தொட்டால் நீளம், காதை மூடினால் நீளம், சட்டைக் காலருக்குக் கீழே போனால் நீளம். தாத்தாவின் பழைய புகைப்படம் ஒன்றில் மூன்றுமே இருக்கிறது. ஏதோ ஒரு கவுண்ட்டரில் தபால்தலை வாங்கப் போய், தனக்குப் பின்னால் வந்த ஏழு பேர் வாங்கிக்கொண்டு போகும்வரை ஓரமாக நின்றாராம். ஏழு என்று எண்ணி வைத்திருக்கிறார்! என்னை அப்படி யாராவது நிற்க வைத்தால் அன்று சாயங்காலத்துக்குள் டிக்டாக்கில் போட்டிருப்பேன். தாத்தா போய் முடியை வெட்டிக்கொண்டார்.

1972-ல் சீன வெடிக்கு மொத்தமாகத் தடை வந்தது. 1970 சீனப் புத்தாண்டில் வெடியால் ஆறு பேர் செத்திருந்தார்கள். 1972-ல் வெடியை நிறுத்தப் போன இரண்டு போலீஸ்காரர்களை அடித்தார்கள், அதோடு முடிந்தது. மறுவருஷம் தைப்பூச ஊர்வலத்தில் மேளத்துக்குத் தடை. குழுக்களுக்குள் போட்டி, அடிதடி, ஊர்வலம் நகராமல் தேங்கி நின்றது என்று காரணம் சொன்னார்கள். தாத்தாவிடம் கேட்டால் அடிதடி நடந்தது உண்மைதான் என்பார். "நடந்துச்சு, இல்லேன்னு சொல்லல. ஆனா அம்பது வருஷத்துக்கா?" என்பார். இதுதான் தாத்தாவின் அரசியல். இதற்கு மேல் அவரிடம் எந்தக் கட்சியும் கிடையாது. அரசாங்கத்தைப் பற்றி இவ்வளவு முணுமுணுத்துவிட்டு, ஊருக்கு வந்த விருந்தாளியிடம் எம்ஆர்டி ரயிலையும் சாங்கி விமான நிலையத்தையும் தானே கட்டிய மாதிரி காட்டுகிறவரும் அவர்தான்.

வீட்டில் இசை விஷயத்தில் மூன்று கட்சி உண்டு. அம்மா காலையில் ஒலி 96.8 வானொலியைப் போட்டுவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பார். அப்பாவுக்கு 1992-க்கு முன்னால் வந்ததெல்லாம் இரைச்சல். ரஹ்மான் வந்த பிறகுதான் இசை பிறந்தது. தாத்தாவுக்கு நேர் எதிர். என் ஹெட்போனில் எல்லாம் கலந்து ஓடும். கொரியப் பாட்டு ஓடும், ஜோகூர்க்காரி அனுப்பும் மலேசியத் தமிழ் ராப் ஓடும், ஆங்கிலமும் தமிழும் ஒரே மூச்சில் பாடும் நம்ம ஊர் யங் ராஜா ஓடுவார். "இது என்ன, சண்டை போடுற மாதிரி இருக்கு" என்று அப்பா கேட்பார். என் வயதில் அவரைத் தாத்தா கேட்ட அதே கேள்வி என்று பாட்டி சொல்கிறார்.

இந்த ஊரில் தமிழ்ப் பாட்டு என்றால் சீனர், மலாய்க்காரர் எல்லோருக்கும் தெரிந்தது ஒன்றே ஒன்று, 'முன்னேறு வாலிபா'. ஜேசுதாசன் என்ற ஆசிரியர் அறுபதுகளில் எழுதியது. தொடக்கப் பள்ளியில் ஆகஸ்ட் வந்தால் மொத்தப் பள்ளியும் கொடியை ஆட்டிக்கொண்டு பாடும். எனக்கு அதில் பெருமை. அந்த இரண்டு நிமிஷம் மட்டும் நாற்பது பேர் வகுப்பில் எனக்குத்தான் பொருள் தெரியும். நான்காம் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மலாய்த் தோழி வாலிபா என்றால் என்ன என்று கேட்டாள். இளைஞனே, ஆம்பளைப் பையனைக் கூப்பிடுவது என்றேன். "அப்போ நாம முன்னேற வேண்டாமா?" என்றாள். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். ஆசிரியை எங்களைத் தேசிய தினப் பாட்டுக்குச் சிரித்தவர்கள் என்று பின்வரிசைக்கு அனுப்பினார்.

நான் உறுமிக்கு வந்தது 15 வயதில். ஈசூனில் புனிதமரம் பாலசுப்பிரமணியர் கோயிலில் பங்குனி உத்திரம். அந்தக் கோயிலே கடற்படைத் தளத்து ஆள்கள் ஒரு மரத்தடியில் ஆரம்பித்ததுதான், தாத்தா அதைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார். அன்று ஒரு குழு வாசித்தது. அதில் ஒரு அக்கா. கறுப்புச் சட்டை, மஞ்சள் துண்டு, தோளில் உறுமி. அந்தச் சத்தம் முதலில் காதுக்கு வரவில்லை, காலுக்கு வந்தது. சிமெண்டுத் தரை வழியாக ஏறியது. ஊர்வலம் திரும்பும்வரை அந்த அக்காவின் பின்னாலேயே நடந்தேன். அம்மா என்னைத் தேடிக் கோயில் அலுவலகம்வரை போய்விட்டார்.

உறுமியைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். அது உடுக்கையின் பெரியப்பா மாதிரி இருக்கும். நடுவில் ஒடுங்கி, இரண்டு முனையிலும் தோல். ஒரு பக்கத்தை நேர்க்குச்சியால் அடிக்க வேண்டும். மறுபக்கத்துக்கு வளைந்த குச்சி. அந்தப் பக்கத்தை அடிப்பதில்லை. குச்சியைத் தோலில் அழுத்தித் தேய்க்க வேண்டும். தேய்த்தால்தான் அந்த உறுமல், வயிற்றுக்குள்ளிருந்து யாரோ முனகுகிற மாதிரி. முதல் மூன்று வாரம் எனக்கு வந்தது உறுமல் இல்லை. ஈரக் கண்ணாடியை விரலால் துடைத்தால் ஒரு கீச்சு வருமே, அது. குழுவில் பெரிய அண்ணன் ஒருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "குச்சியைத் தள்ளாதம்மா, கையைக் கனமா வெச்சுட்டு இழுத்துட்டு வா" என்றார். கையை எப்படிக் கனமாக வைப்பது? அது புரிய ஒரு மாதம் ஆனது. கட்டைவிரலின் உள்பக்கம் தோல் உரிந்து, மறுபடி வளர்ந்து, காய்த்துப் போன பிறகு ஒரு வியாழக்கிழமை ராத்திரி திடீரென்று வந்தது. நான்தான் வாசித்தேன் என்று எனக்கே நம்பிக்கை வராமல் திரும்பிப் பார்த்தேன்.

வீட்டில் வாசிக்க முடியாது. ஒன்பதாவது மாடி. மேலே ஒரு குழந்தை, கீழே இரவு வேலைக்குப் போகிற ஒருவர். ஒருமுறை துண்டைப் போர்த்தி ஐந்தே நிமிஷம் வாசித்தேன். ஆறாவது நிமிஷம் கதவு தட்டினார்கள். தப்பு என்னுடையதுதான். அதனால் உட்லண்ட்ஸ் பக்கம் தொழிற்பேட்டை ஒன்றில் மணிக் கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் அறையில் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டுப் பழகுகிறோம். ஒரு பக்கத்து அறையில் ஏதோ மாவு அரைக்கிறார்கள், இன்னொரு பக்கம் கார் கண்ணாடிக்குக் கறுப்புத் தாள் ஒட்டுகிறார்கள். யாரும் புகார் செய்வதில்லை.

ஆனால் உண்மையான தடை வீட்டுக்குள் இருந்தது.

முதல் நாள் உறுமியைத் தூக்கிக்கொண்டு வந்தபோது பாட்டி அதை வரவேற்பறையில் வைக்க விடவில்லை. செருப்பு அடுக்கும் அலமாரி பக்கத்தில் வை என்றார். பொம்பளைப் பிள்ளை என்பதற்காகச் சொல்கிறார் என்று நினைத்து அந்த அக்காவைப் பற்றிச் சொன்னேன், பள்ளியில் படித்த சமத்துவமெல்லாம் எடுத்து விட்டேன். பாட்டி கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அது சாவு வீட்டுல வாசிக்கிறது கண்ணு. நம்ம ஆளுங்க வாசிக்கிறதில்லை" என்றார்.

நம்ம ஆளுங்க. இந்த வார்த்தையை நான் பிறந்ததிலிருந்து கேட்கிறேன். எம்ஆர்டியில் எதிரே ஒரு இந்திய முகம் உட்கார்ந்தால் நம்ம ஆளு. தேர்தல் சுவரொட்டியில் ஒரு தமிழ்ப் பெயர் இருந்தால் நம்ம ஆளு. 2023-ல் தர்மன் அதிபர் தேர்தலில் அன்னாசிச் சின்னத்தில் நின்று 70.4 விழுக்காடு வாங்கியபோது பாட்டி, "நம்ம ஆளு ஜெயிச்சாச்சு" என்று கேசரி கிண்டினார். ஓட்டு ரகசியம்மா என்று அப்பா சொல்லியும் கேட்காமல், "நான் அன்னாசிக்குத்தான் போட்டேன்" என்று மாடி முழுக்கச் சொன்னார். ஆனால் அன்று அலமாரி பக்கத்தில் நின்று சொன்ன 'நம்ம ஆளுங்க' வேறு. அது திடீரென்று சின்னதாகிவிட்டது. அதற்குள் உறுமி அண்ணனும் மஞ்சள் துண்டு அக்காவும் இல்லை. என் அடையாள அட்டையில் இனம் என்ற இடத்தில் இந்தியர் என்று இருக்கிறது, பள்ளிப் படிவத்தில் தாய்மொழி தமிழ் என்று இருக்கிறது. இவற்றுக்கு அடியில் இன்னொரு கட்டம் இருக்கிறது, அதைப் பாட்டி மட்டும் மனதிலேயே நிரப்பி வைத்திருக்கிறார் என்று அன்றுதான் தெரிந்தது. நாங்கள் எந்த ஆளுங்க என்று கேட்டேன். "அதெல்லாம் உனக்கு எதுக்கு" என்று எழுந்து போய்விட்டார்.

இதை நினைத்து நிறைய நாள் குழம்பியிருக்கிறேன். அரசாங்கம் போட்ட தடைக்கு ஆண்டு இருக்கிறது, காரணம் எழுதி இருக்கிறது, எத்தனை மணி, எந்தத் தெரு என்றெல்லாம் இருக்கிறது. அதனால் அதோடு வாதாட முடிந்தது, மனு கொடுக்க முடிந்தது. 2016-ல் ஊர்வலப் பாதையில் ஹேஸ்டிங்ஸ் ரோடு, ஷார்ட் ஸ்ட்ரீட், தோபி காட் கிரீன் என்று மூன்று இடத்தில் நேரடி இசைக்கு விட்டார்கள். 2019-ல் மரபுத் தாள வாத்தியங்களை நடந்துகொண்டே வாசிக்கலாம் என்றார்கள், காலை 7 மணியிலிருந்து இரவு 10.30 வரை. பிறகு கொவிட் வந்து 2021-லும் 2022-லும் காவடி ஊர்வலமே இல்லாமல் போனது வேறு கதை. பாட்டியின் தடைக்கு ஆண்டும் இல்லை, மணியும் இல்லை. யாரிடம் மனு கொடுப்பது? தமிழ் வாய்மொழித் தேர்வில் வருஷா வருஷம் ஒரு கேள்வி வரும், நம் பண்பாட்டை இளையர் எப்படிக் கட்டிக்காக்கலாம் என்று. நானும் உறுமி வாசிப்பதைச் சொல்லி நல்ல மதிப்பெண் வாங்கினேன். செருப்பு அலமாரியைச் சொல்லவில்லை.

இந்த 2025 தைப்பூசம் பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை. உயர்நிலைப் பள்ளியின் ஓ நிலைத் தேர்வு முடிவு வந்து, அடுத்த படிப்பு ஆரம்பிக்காத இடைவெளி. விடுப்புக் கவலை எனக்கு மட்டும்தான் இல்லை. சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில்வரை சித்தப்பா காவடி எடுத்தார், நாங்கள் வாசித்தோம். வழி முழுக்கத் தொண்டூழியர்கள் நகரச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். நின்று வாசிக்க முடியாது, நடக்கவும் வேண்டும், தாளமும் விடக் கூடாது. சித்தப்பா தளர்ந்து நின்ற ஒரு இடத்தில் அண்ணன் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் தேய்த்தேன். சித்தப்பாவின் முதுகு நிமிர்ந்தது. பக்தி என்று சொல்லலாம், முதுகுத்தண்டு என்றும் சொல்லலாம். எனக்கு அன்று வித்தியாசம் தெரியவில்லை. தாத்தா முட்டிவலிக்காரர், நடக்க முடியாது. தோபி காட் பக்கம் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நாங்கள் கடந்தபோது கையைத் தட்டவில்லை, கும்பிடவில்லை. வலது கை மட்டும் தொடையில் அடித்துக்கொண்டிருந்தது. நாங்கள் வாசித்த தாளம் இல்லை அது. வேறு ஏதோ.

கல்லூரியில் என் வகுப்பில் ஒருவன் சிங்க நடனக் குழுவில் மேளம் அடிக்கிறவன். முதல் வாரம் உள்ளங்கையைப் பார்த்தே ஒருவரையொருவர் கண்டுபிடித்தோம். உங்களுக்கு மட்டும் எங்கே வேண்டுமானாலும் அடிக்க விடுகிறார்கள் என்று தாத்தாவின் புகாரை அப்படியே அவன் தலையில் இறக்கினேன். அவன் சிரித்துவிட்டுக் கைப்பேசியில் போலீஸ் அனுமதிச் சீட்டைக் காட்டினான். அவர்களுக்கும் வாங்கித்தான் ஆக வேண்டுமாம். அவர்கள் தாத்தா காலத்தில் குழுவுக்குக் குழு அடிதடி, குண்டர் கும்பல் தொல்லை எல்லாம் நிறைய இருந்ததாம். இதைத் தாத்தாவிடம் சொன்னேன். "அவன் பாட்டனும் நானும் ஒரே கோப்பிக் கடையில உட்கார்ந்திருப்போம்" என்றார். அதற்காகப் புகாரைக் கைவிடவில்லை.

பிறகு தேர்தல் வந்தது. ஏப்ரல் 23 வேட்புமனு, மே 3 வாக்களிப்பு. 2020-ல் கொவிட் என்று பிரசாரக் கூட்டமே இல்லை, அதற்கு முன் 2015-ல் எனக்கு ஏழு வயது. ஆக இதுதான் நான் நேரில் பார்த்த முதல் தேர்தல். பல உறுப்பினர்களை ஒரே அணியாகத் தேர்ந்தெடுக்கும் எங்கள் செம்பவாங் குழுத்தொகுதியில் மும்முனைப் போட்டி. தாத்தாவுக்கு ஏக சந்தோஷம். 1991, 1997, 2001 மூன்று தேர்தலிலும் வேட்புமனு நாளன்றே பாதிக்கு மேற்பட்ட இடங்கள் போட்டியில்லாமல் முடிந்த காலத்தைப் பார்த்தவர் அவர். "இரண்டு பக்கமும் கேட்கணும்" என்று என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஒரு நாள் ஆளும் மக்கள் செயல் கட்சிக் கூட்டம், ஒரு நாள் செங்காங் பக்கம் எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சிக் கூட்டம் என்று கிளம்பினார்.

கொள்கையெல்லாம் எனக்குப் பாதிதான் புரிந்தது, பொருள் சேவை வரியில் தொடங்கி வேலையில் முடிந்தது. நான் கவனித்தது சத்தத்தை. மேடையில் ஒருவர் மலாயில் ஆரம்பித்தால் ஒரு பக்கம் கை தட்டும், மாண்டரினுக்கு மாறினால் இன்னொரு பக்கம். தமிழ் வரும்போது தட்டுகிற பக்கம் சின்னது, ஆனால் அதிக நேரம் தட்டும். தாளைப் பார்த்துப் படித்தாலும் தட்டும். ஒரு சீன வேட்பாளர் வணக்கத்துக்குப் பிறகு இரண்டு வாக்கியம் தமிழில் தாண்டினார். எனக்குப் பின்னால் நின்ற தமிழ் ஆன்ட்டி ஒருவர் தன் பிள்ளை பரிசு வாங்கிய மாதிரி குதித்தார். நான்கு அதிகாரத்துவ மொழியில் நம்முடையதும் ஒன்று என்று பள்ளியில் படித்தபோது வராத ஏதோ ஒன்று அந்தச் சேற்றுத் திடலில் எனக்கும் வந்தது. கூட்டம் முடிந்து எம்ஆர்டிக்கு நடக்கும்போது, வீட்டில் நாம் ஏன் இவ்வளவு ஆங்கிலம் பேசுகிறோம் என்று தாத்தாவிடம் கேட்டேன், ஆங்கிலத்தில்.

பிரசாரக் கூட்டத்துக்கும் நேரம் உண்டு, இரவு பத்து மணிவரைதான். பத்துக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது மேடையில் உறுதிமொழி சொல்லி முடித்துவிட்டார்கள். ஆயிரக்கணக்கான பேர் குடையையும் பாயையும் சுருட்டிக்கொண்டு சமர்த்தாகக் கிளம்பினார்கள். தாத்தா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"அவங்களுக்குப் பத்து. நமக்குப் பத்தரை" என்றார். பேருந்து வரும்வரை சிரித்துக்கொண்டே இருந்தார்.

வாக்களிப்பு நாளன்று இரவு எட்டு மணிக்கு வாக்குச்சாவடி மூடியதும் நாங்கள் எல்லோரும் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்துவிட்டோம். அப்பா கடையில் மீ கோரெங் நூடுல்ஸ் கட்டிக்கொண்டு வந்தார். மாதிரி எண்ணிக்கை வர ஆரம்பித்ததும் முடிவு தெரிந்துவிட்டது. கடைசியில் மக்கள் செயல் கட்சிக்கு 97 இடத்தில் 87, 65.57 விழுக்காடு ஓட்டு. எங்கள் வீட்டில் யார் எதற்குப் போட்டார்கள் என்று யாரும் சொல்லவில்லை, அப்பா மட்டும் நகத்தைக் கடித்தார். எண்கள் மெதுவாக வந்துகொண்டிருந்த ஏதோ ஒரு இடைவெளியில் தாத்தா வழக்கம்போல ஆரம்பித்தார். "யார் வந்தா என்ன, எழுபத்து மூணுல மேளத்தை..."

"எழுபத்து மூணாம் எழுபத்து மூணு" என்றார் பாட்டி.

அப்பா சத்தத்தைக் கூட்டக் கையெடுத்தவர் குறைத்துவிட்டார்.

பாட்டி என்னைப் பார்த்துத்தான் சொன்னார், தாத்தாவைப் பார்க்கவில்லை. தாத்தா வாலிபத்தில் உறுமி வாசிப்பாராம். நன்றாக வாசிப்பாராம். இது எனக்குத் தெரியாது. மேளம் பிடித்தவர் என்று தெரியும், வாசித்தவர் என்று அவரே சொன்னதில்லை. பட்டறையில் கூட வேலை பார்த்த சிநேகிதர் ஒருவர் கற்றுக்கொடுத்ததாம். 1972-ல் பெண் பார்க்க வந்தார்கள். "எங்க அப்பா மேல பழி போடாதே. அவர் ஒண்ணும் சொல்லல. நான்தான் சொன்னேன், மேளம் அடிக்கிறவருக்குக் கழுத்தை நீட்ட மாட்டேன்னு. எனக்குப் பத்தொன்பது வயசு. அப்ப எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்." தாத்தா உறுமியைச் சிநேகிதரிடமே கொடுத்துவிட்டார். கல்யாணம் நடந்தது.

"அடுத்த வருஷம் கவர்மெண்டே நிப்பாட்டிருச்சு" என்றார் பாட்டி. "நான் தப்பிச்சேன்."

யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. தொலைக்காட்சியில் ஒரு தேர்தல் அதிகாரி ஏதோ தொகுதியின் பெயரை நான்கு முறை வாசித்தார். ஐம்பத்து இரண்டு வருஷமாகத் தாத்தா அரசாங்கத்தைத் திட்டியதெல்லாம் யாருக்காக என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். மனைவியைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கவா, அல்லது அவருக்குக் கேட்கட்டும் என்றா? தாத்தா மீ கோரெங்கில் இருந்த மிளகாயை ஒதுக்கிக்கொண்டிருந்தார். "இப்ப எதுக்கு அதெல்லாம்" என்றார். பாட்டி சொல்கிற அதே வார்த்தை.

இரண்டு நாள் கழித்து, உறுமி செருப்பு அலமாரியிலிருந்து வரவேற்பறைக்கு வந்திருந்தது. யார் தூக்கி வைத்தது என்று கேட்டால் ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. பாட்டி மன்னிப்பும் கேட்கவில்லை, மனம் மாறிவிட்டேன் என்றும் சொல்லவில்லை. 'நம்ம ஆளுங்க' பற்றி நான் மறுபடி கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை. ஆனால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு தாத்தா அதை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தபோது, "துண்டைப் போட்டு மூடிக்குங்க. பத்தரைக்கு நிறுத்திடணும்" என்று மட்டும் அடுக்களையிலிருந்து குரல் வந்தது.

அடுத்த தைப்பூசம் 2026 பிப்ரவரி 1. ஞாயிற்றுக்கிழமை, யாருக்கும் விடுப்பு வேண்டாம். அன்று தோபி காட்டில் தாத்தா நாற்காலியைத் தாண்டும்போது அவருடைய தாளத்தை வாசிக்க வேண்டும் என்று குழுவில் சொல்லி வைத்துவிட்டேன். அதற்காகத் தினமும் துண்டு போர்த்திய உறுமியில் விரலாலேயே கற்றுக்கொள்கிறேன். 1972-க்கு முந்தைய அசல் தாளம், இந்த ஊரில் இன்று யாருக்கும் தெரியாதது என்று தாத்தா சொன்னார். முதல் பகுதி அப்படித்தான் இருந்தது. அண்ணனிடம் வாசித்துக் காட்டினேன், இது மாதிரிக் கேட்டதில்லை என்றார். இரண்டாவது பகுதி இன்னும் கடினம், இடது கை வருவதற்குள் வலது கை ஓடிவிடும். மூன்றாவது பகுதியைத் தாத்தா நேற்று ராத்திரி சொல்லிக்கொடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு, நாக்கால் சொல் கட்டிக்கொண்டு, தொடையில் அடித்துக் காட்டினார். நான் திருப்பி வாசித்தேன்.

சோபாவில் படுத்திருந்த அப்பா கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அப்பா, அது எம்ஜிஆர் பாட்டு" என்றார்.

தாத்தா கண்ணைத் திறந்தார். இன்னொரு முறை தொடையில் அடித்துப் பார்த்தார். நடுவில் நிறுத்தினார். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். சுவர்க் கடிகாரத்தில் பத்து இருபது. இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.